கடைசி செட்டை வைத்து எடையைத் தேர்ந்தெடுங்கள்

தோளில் எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் 60 கிலோவை 8 முறை தூக்கும் ஒருவரிடம், "பத்து செட் செய்வதற்கு உங்களுக்கு 45 கிலோ போதும்" என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுருங்கிவிடும். முதல் செட் முடிந்ததும் திரும்பி வந்து, "இது எனக்கு ஒன்றுமே இல்லையே, இன்னும் பத்து கிலோ போடட்டுமா?" என்று கேட்பார். நான்காவது செட்டில் பேச்சு குறையும். ஏழாவது செட்டில் அதே 45 கிலோ தோளில் வேறு பொருளாக உட்காரும். பத்தாவது செட்டை நேரான முதுகோடு முடித்துவிட்டால், அந்த எடைதான் அவருக்குச் சரியான எடை.

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறுகிற இடம் இதுதான். முதல் செட்டில் எப்படி இருக்கிறது என்பதை வைத்து எடையை முடிவு செய்கிறார்கள். செட்களின் எண்ணிக்கை அதிகமாக இருக்கும் பயிற்சியில் கடைசி செட்டை மனத்தில் வைத்துத்தான் எடை போட வேண்டும். அதை எப்படிக் கணக்கிடுவது, எப்போது மாற்றுவது, எந்தப் பயிற்சிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதைச் சொல்கிறேன்.

சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரு முறை இறங்கி ஏறுவது ஒரு ரெப். இடையில் ஓய்வில்லாமல் செய்யும் ரெப்களின் கூட்டம் ஒரு செட். செட், ரெப், எடை மூன்றையும் பெருக்கினால் வருவது அன்றைய மொத்தச் சுமை. ஒரு பயிற்சியில் செட்களைக் கூட்டி, எடையை மிதமாக வைத்து, இந்த மொத்தத்தை உயர்த்துவதைத்தான் வால்யூம் பயிற்சி என்கிறோம்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜிம்மில் சேர்ந்து மூன்று மாதம் ஆகாதவர்கள் இதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள், இன்றே செய்ய வேண்டாம். உட்கார்ந்து எழும் முறையும், பெஞ்சில் படுத்து ராடை, அதாவது பிளேட் மாட்டும் இரும்புக் கம்பியை, மார்பில் இறக்கும் முறையும் உடம்பில் படியாமல் செட்களைக் கூட்டினால், தவறான அசைவைத்தான் நூறு முறை பழகுவீர்கள். ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே எடையைத் தொட வேண்டும்.

முதல் வேலை: ராடை எடை போடுங்கள்

ஒலிம்பிக் பளுதூக்கும் போட்டிகளில் ஆண்களுக்கான ராடு 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. நம் தெருமுனை ஜிம்களில் இருக்கும் ராடுகள் எல்லாம் அப்படி இருப்பதில்லை. நீளம் வேறு, கனம் வேறு, மேலே எதுவும் எழுதியிருக்காது. "ராடு இருபது கிலோ" என்று யாரோ சொன்னதைப் பல ஆண்டுகள் எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

நானும் அப்படி நம்பி ஒரு வருடம் குறிப்பேட்டில் எழுதினேன். பிறகு வேறொரு ஜிம்முக்கு மாறியபோது, அதே பிளேட்டுகளைப் போட்டும் ஐந்தாவது செட்டிலேயே கால் நடுங்கியது. உடம்பு கெட்டுவிட்டது என்று பயந்துபோனேன். பழைய ராடை எடை போட்டுப் பார்த்தபோது 12 கிலோதான் இருந்தது. ஒரு வருடம் நான் எழுதிய ஒவ்வோர் எண்ணிலும் 8 கிலோ அதிகம்.

ஆள் ஏறி நிற்கும் எடை மெஷின் ஒன்று போதும். முதலில் நீங்கள் மட்டும் நின்று பாருங்கள், பிறகு ராடைப் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள், கழித்துவிடுங்கள். பிளேட்டுகளையும் இப்படிச் சோதியுங்கள். பழைய வார்ப்பிரும்பு பிளேட்டுகளில் எழுதியிருக்கும் எண்ணுக்கும் உண்மையான எடைக்கும் வித்தியாசம் இருப்பது சாதாரணம். 45 கிலோ வேண்டுமென்றால், 20 கிலோ ராடுக்குப் பக்கத்துக்கு 10-ம் 2.5-ம் போடலாம். 12 கிலோ ராடு என்றால் பக்கத்துக்கு 15-ம் 1.25-ம் போட்டால் 44.5 வரும், அது போதும். 1.25 கிலோ பிளேட் இரண்டு உங்கள் ஜிம்மில் இல்லையென்றால் சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அது எதற்கு என்பது பின்னால் தெரியும்.

உங்கள் உச்ச எடையைக் கணக்குப் போடுங்கள்

ஒரே ஒரு முறை மட்டும் தூக்கக்கூடிய எடையை உச்ச எடை என்று வைத்துக்கொள்வோம். அதை நேரடியாகத் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் ஆசை புதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம். 6 முதல் 10 ரெப் வரை தூக்க முடிகிற எடையிலிருந்து அதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

உடம்பைச் சூடாக்கியபின் வெறும் ராடில் 10 ரெப். பிறகு எடையைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் 3 அல்லது 5 ரெப் மட்டும். எளிதாக இருக்கும்வரை கூட்டிக்கொண்டே போங்கள். கனம் தெரிய ஆரம்பித்ததும் இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்துவிட்டு, அந்த எடையில் முறை கெடாமல் எத்தனை முடியுமோ அத்தனை ரெப் செய்யுங்கள். முதுகு வளைந்தால், பெஞ்சில் இடுப்பு எழும்பினால், அந்த ரெப் கணக்கில் வராது. பெஞ்ச் பிரஸ்ஸில் தலைமாட்டில் ஒருவர் நிற்காமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த பாய்ட் எப்லியின் பெயரால் ஒரு சூத்திரம் வழங்குகிறது. ரெப் எண்ணிக்கையை 30-ஆல் வகுத்து, வருவதை எடையால் பெருக்கி, அதே எடையோடு கூட்டினால் உச்ச எடை. 60 கிலோவை 8 முறை தூக்கினால் 16 கூடி 76 கிலோ. பெஞ்சில் 40 கிலோவை 10 முறை தூக்கினால் சுமார் 53 கிலோ.

இது தோராயம்தான். 15 ரெப்புக்கு மேல் போனால் இந்தக் கணக்கு மிகவும் தடுமாறும். உச்ச எடையின் ஒரே விழுக்காட்டில் காலுக்கு வரும் ரெப் எண்ணிக்கை கைக்கு வருவதில்லை. பெண்கள் பலர் அதே விழுக்காட்டில் ஆண்களைவிடக் கூடுதலாக ஒன்றிரண்டு ரெப் செய்வதையும் பார்க்கலாம். எங்கே தொடங்குவது என்று காட்டுவதற்கு மட்டும் சூத்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் உங்கள் குறிப்பேடு வழி காட்டும்.

எத்தனை செட், அதற்கு எவ்வளவு எடை

பத்து செட், ஒவ்வொன்றிலும் பத்து ரெப் என்ற முறையை 1990-களில் 'ஜெர்மன் வால்யூம் பயிற்சி' என்ற பெயரில் பரப்பியவர் கனடாவைச் சேர்ந்த பயிற்சியாளர் சார்லஸ் பொலிக்கின். அதற்கு அவர் சொன்ன எடை, உச்ச எடையில் 60 விழுக்காடு, அதாவது ஓய்வோடு வந்தால் ஒரே மூச்சில் ஏறக்குறைய 20 முறை தூக்கக்கூடிய எடை. 76 கிலோவில் 60 விழுக்காடு 45.6. அதனால்தான் முதலில் 45 கிலோ என்றேன்.

ஆனால் புதியவர்களுக்குப் பத்து செட் தேவையா? தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. அதற்கு ஒரு பழைய வரலாறும் துணை நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், வலுவிழந்த தொடைத் தசைகளை எடைப் பயிற்சியால் மீட்க முடியும் என்று 1945-இல் எழுதினார். தொடக்கத்தில் அவர் கொடுத்தது ஏழு முதல் பத்து செட், மொத்தம் 70 முதல் 100 ரெப். மூன்று ஆண்டுகள் கழித்து, 1948-இல், அவரே அதை மூன்று செட்டாகக் குறைத்துவிட்டார். 10 முறை மட்டும் தூக்க முடிகிற எடையில் பாதி, பிறகு முக்கால், பிறகு முழுசு. நோயாளிகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு எண்ணிக்கையைக் குறைத்த அந்த மருத்துவரின் முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். அண்மைக் காலத்திலும், 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து செட் செய்தவர்களையும் பத்து செட் செய்தவர்களையும் ஆறு வாரம் ஒப்பிட்டபோது, பத்து செட்டால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை.

ஆகவே இப்படித் தொடங்குங்கள். முதல் நான்கு வாரம் 3 செட், 10 ரெப், உச்ச எடையில் 65 முதல் 70 விழுக்காடு. அடுத்த ஆறு வாரம் 5 செட், 10 ரெப், 62 முதல் 65 விழுக்காடு. 76 கிலோ உச்சம் உள்ளவருக்கு 3 செட்டில் 50 கிலோ, 5 செட்டில் 47.5 கிலோ என்று வரும். ஒரு வருடமாவது ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்கள் மட்டும் பத்து செட்டை, அதுவும் ஒரு நாளில் ஒரே ஒரு பெரிய பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

தசை வளர்ச்சியைவிட வலிமைதான் குறி என்றால் வேறு பாதை இருக்கிறது. பளுதூக்கும் வீரர்கள் பத்துப் பத்தாகத் தூக்குவது அரிது. ரெப் குறைவாக, செட் அதிகமாகச் செய்வார்கள். சோவியத் பயிற்சியாளர் பிரிலெபின் தொகுத்த அட்டவணையில், உச்ச எடையின் 70 முதல் 80 விழுக்காட்டில் ஒரு செட்டுக்கு 3 முதல் 6 ரெப், மொத்தம் 12 முதல் 24, சிறந்தது 18 என்று இருக்கிறது. 75 விழுக்காட்டில் 3 ரெப் வீதம் 6 செட் செய்தால் அந்த 18 வந்துவிடும். ஒவ்வொரு ரெப்பும் சோர்வில்லாமல் வேகமாக மேலே போகும். அந்த அட்டவணை ஒலிம்பிக் பளுதூக்குதலின் இரு வகைகளான ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் தூக்குபவர்களுக்காக எழுந்தது என்றாலும், ஸ்குவாட்டுக்கும் பெஞ்சுக்கும் அளவுகோலாக உதவுகிறது.

முதல் நாள் எப்படி இருக்க வேண்டும்

கடிகாரம் வேண்டும். ஓய்வு நேரத்தை நிர்ணயிக்காமல் எடையை நிர்ணயிக்க முடியாது. 47.5 கிலோவை ஒன்றரை நிமிட ஓய்வோடு 5 செட் செய்வதும், நான்கு நிமிடம் அரட்டையடித்துவிட்டு 5 செட் செய்வதும் வெவ்வேறு பயிற்சிகள். 5 செட் முறைக்கு 90 விநாடியில் தொடங்கி, தேவைப்பட்டால் 2 நிமிடம் வரை போகலாம். எதை எடுத்தாலும் ஆறு வாரமும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு செட் முடிந்ததும் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இன்னும் எத்தனை ரெப் கையிருப்பில் இருக்கிறது? முறை கெடாமல் இன்னும் எத்தனை செய்திருக்க முடியும் என்பதே அந்தக் கையிருப்பு. முதல் செட்டில் 6 அல்லது 7 இருக்கலாம். மூன்றாவதில் 4. ஐந்தாவதில் 1 அல்லது 2. இப்படி இறங்கினால் எடை சரி. முதல் செட்டிலேயே கையிருப்பு 2 என்றால் எடை அதிகம், உடனே 10 விழுக்காடு குறையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைசி செட்டிலும் 5 மிச்சம் இருந்தால் எடை குறைவு. அன்று அப்படியே முடித்துவிட்டு அடுத்த முறை கூட்டுங்கள். தொடக்கத்தில் இந்தக் கையிருப்பைச் சரியாக மதிப்பிட யாராலும் முடிவதில்லை, பெரும்பாலும் குறைத்தே சொல்வோம். சில வாரங்களில் கணிப்பு பழகிவிடும்.

அதிக எடை போட்டுச் செட்களைச் சிதறவிடுவதால் என்ன நட்டம்? என் பழைய குறிப்பேட்டில் ஒரு நாள் இருக்கிறது. 45 போட வேண்டிய இடத்தில் 55 கிலோ போட்டேன். பத்து செட்டில் வந்த ரெப்கள் 10, 10, 9, 7, 6, 5, 5, 4, 4, 3. மொத்தம் 63 ரெப், 3,465 கிலோ. 45 கிலோவில் நூறு ரெப்பும் முடித்திருந்தால் 4,500 கிலோ. பத்து கிலோ கூடப் போட்டு ஆயிரம் கிலோவுக்கு மேல் இழந்திருக்கிறேன். மறுநாளிலிருந்து நான்கு நாள் படி இறங்க முடியவில்லை, அந்த வாரத்தின் அடுத்த பயிற்சியும் போயிற்று.

எல்லாப் பயிற்சிக்கும் ஒரே கணக்கு ஆகாது

ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், குனிந்து இழுக்கும் ரோயிங், மேலிருந்து கம்பியைக் கீழே இழுக்கும் லேட் புல்டவுன் ஆகியவற்றுக்கு மேலே சொன்ன விழுக்காடுகள் பொருந்தும். டெட்லிஃப்ட்டுக்குப் பொருந்தாது. அதில் காலுக்கு முன்னால் கீழ்முதுகு களைத்துவிடும், களைத்த முதுகோடு தரையிலிருந்து எடை எடுப்பது ஆபத்து. டெட்லிஃப்ட்டை 5 ரெப் வீதம் 3 செட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அன்று ஸ்குவாட் அதிகம் செய்திருந்தால் அதுவும் வேண்டாம்.

தோளுக்குப் பக்கவாட்டில் டம்பெல் தூக்குவது, பைசெப்ஸ் போன்ற சிறிய தசைப் பயிற்சிகளில் விழுக்காட்டுக் கணக்கே உதவாது. டம்பெல்கள் பெரும்பாலும் 2.5 கிலோ இடைவெளியில்தான் இருக்கும். 5 கிலோவிலிருந்து 7.5-க்குப் போவது ஒரே தாவலில் 50 விழுக்காடு! ஆகவே எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 5 கிலோவில் 10 ரெப் வந்தால் அடுத்த வாரம் 11, பிறகு 12 என்று 15 வரை அதே டம்பெல்லில் நில்லுங்கள். எல்லா செட்டிலும் 15 வந்தபின் 7.5-ஐ எடுத்து 8 ரெப்பிலிருந்து மீண்டும் ஏறுங்கள். கர்லாக்கட்டை பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் இருக்கும் கட்டையின் எடையைக் கூட்ட முடியாது, சுற்றுகளைத்தான் கூட்ட முடியும். போதிய சுற்றுகள் கைவந்த பிறகு அடுத்த கட்டை. தண்டாலும் பஸ்கியும் அப்படித்தான் வளர்கின்றன.

வாரம் முழுவதையும் சேர்த்தும் எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தசைக்கு வாரத்துக்கு 10 செட் கடினமாகச் செய்தால் புதியவர்களுக்கு நிறைவு. 20-ஐத் தாண்ட வேண்டிய காரணம் எதுவும் இல்லை. பெஞ்ச் பிரஸ் 5 செட் வாரம் இரண்டு முறை என்றால் மார்புக்கு அந்தப் பத்து வந்துவிட்டது. அதற்கு மேல் நான்கு வகை மார்புப் பயிற்சி செய்யச் சொல்லும் அட்டவணையைப் பின்பற்றாதீர்கள்.

கூட்டுவதும் குறைப்பதும்

5 செட்டிலும் 10 ரெப் முழுதாக வந்தால் மட்டும் அடுத்த வாரம் எடை கூடும். ஸ்குவாட்டுக்கு 2.5 கிலோ போதும், அதாவது பக்கத்துக்கு ஒரு 1.25 பிளேட். கடைசி ஒன்று இரண்டு செட்டில் 9, 8 என்று குறைந்தால் எடையை மாற்றாமல் அடுத்த வாரமும் அதையே செய்யுங்கள். மூன்றாவது செட்டிலேயே 10 வரவில்லை என்றால் 5 முதல் 10 விழுக்காடு குறையுங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் பின்னோக்கிப் போனால் எடையைக் குற்றம் சொல்வதற்கு முன் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பாருங்கள். இவ்வளவு செட் செய்கிறவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. இட்லி சட்னியோடு காலையும், ரசம் சாதத்தோடு மதியமும் முடிந்துவிடுகிற நாளில் அந்த அளவு எட்டாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஐந்து வாரம் உழைத்தபின் ஆறாவது வாரம் அதே எடையில் செட்களைப் பாதியாக்குங்கள். அந்த வாரத்தைப் பலர் வீண் என்று நினைத்துத் தவிர்க்கிறார்கள். மூட்டு வலி தொடங்குவது பெரும்பாலும் அவர்களுக்குத்தான்.

ஏப்ரல், மே மாதங்களில் மின்விசிறி மட்டும் ஓடும் ஜிம்மில் பயிற்சி செய்கிறவர்கள், ஓய்வை நீட்டுங்கள் அல்லது ஒரு செட்டைக் குறையுங்கள். உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டிலில் இருக்கட்டும்.

எப்போது நிறுத்த வேண்டும்

தசை எரிவதும் மறுநாள் வலிப்பதும் இயல்பு. மூட்டுக்குள் குத்துவது, வலி கால் வழியாக மின்சாரம் போல் இறங்குவது, மார்பில் இறுக்கம், தலைசுற்றல் ஆகியவை இயல்பல்ல. எதுவாக இருந்தாலும் அந்த செட்டை அங்கேயே வையுங்கள். மார்பு இறுக்கம் தணியவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போகத் தாமதிக்கக் கூடாது.

இன்னொரு அடையாளத்தைக் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழக்கமில்லாத உடம்பில் ஒரே நாளில் அளவுக்கு மீறிச் செட்களை ஏற்றினால் தசை நார்கள் சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். கை கால் வீங்கி, வலி நாளுக்கு நாள் ஏறி, சிறுநீர் கோலா பானத்தின் நிறத்தில் போனால், வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பி வருகிறவர்கள் பழைய எடையை நினைத்துக்கொண்டு தொடங்குவதால் இந்த ஆபத்து அவர்களுக்கும் உண்டு. ஒரு மாதம் விட்டிருந்தால் பழைய எடையில் பாதி, பழைய செட்டில் பாதி என்று தொடங்குங்கள்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 20 லிட்டர் குடிநீர் கேன் நிறைந்திருந்தால், கேனின் எடையும் சேர்ந்து 20 கிலோவுக்குச் சற்று மேல். அதை மார்போடு அணைத்து ஸ்குவாட் செய்யலாம், பாதியாக்கினால் 10 கிலோ. ஆனால் பாதி நிறைந்த கேனில் தண்ணீர் அலைந்து உடம்பைத் தள்ளும், ஆகவே தலைக்கு மேல் தூக்காதீர்கள். பிரிக்காத 25 கிலோ அரிசிச் சிப்பம் அதைவிட அடக்கமாகத் தோளில் உட்காரும். இங்கே எடையை நினைத்தபடி மாற்ற முடியாது என்பதால் டம்பெல் கணக்குதான்: ரெப்பைக் கூட்டுங்கள், பிறகு செட்டைக் கூட்டுங்கள், பிறகு இறங்கும் நேரத்தை மூன்று விநாடியாக்குங்கள்.

குறிப்பேட்டில் முதல் பக்கம் இப்படி இருக்கட்டும்: தேதி, ராடின் உண்மையான எடை, மொத்த எடை, ஓய்வு விநாடி, ஒவ்வொரு செட்டிலும் வந்த ரெப், கடைசி செட்டின் கையிருப்பு. செட்களைப் பாதியாக்கிய ஆறாவது வாரத்துக்கு அடுத்த வாரத் தொடக்கத்தில், நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளில், முதல் நாள் செய்த அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். 60 கிலோவில் 8 வந்த இடத்தில் 11 வந்தால் உங்கள் உச்ச எடை இப்போது 82 கிலோ. அடுத்த ஆறு வாரத்துக்கு 5 செட் எடையை 82-லிருந்து கணக்கிடுங்கள். 51 முதல் 53 கிலோவுக்குள் வரும். 50-இல் தொடங்குங்கள்.